மணி பிளான்ட் வகைகளை எந்த அடையாளத்தால் பிரிப்பது? மார்பிள் குயினும் ஸ்நோ குயினும் உண்மையில் இரண்டா?

கேள்வி: கோவை மாடித்தோட்டம்

வணக்கம். எங்கள் குடியிருப்பில் செடி வளர்ப்பவர்கள் அவ்வப்போது கூடி, தண்டுத் துண்டுகளையும் பதியன்களையும் பரிமாறிக்கொள்கிறோம். கத்தரி, தக்காளி நாற்றுகளில் பெயர்க் குழப்பம் அதிகம் வருவதில்லை. வந்தாலும் காய்த்ததும் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குள் வைக்கும் அழகுச் செடிகளில்தான் ஒருவர் சொல்லும் பெயரை அடுத்தவர் மறுக்கிறார். அதிலும் மணி பிளான்ட் என்றால் சண்டையே வந்துவிடுகிறது.

என்னிடம் வெள்ளைத் திட்டுள்ள மணி பிளான்ட் ஐந்து தொட்டிகளில் இருக்கிறது. நர்சரியில் செருகியிருந்த அட்டைகளின்படி அவை மார்பிள் குயின், ஸ்நோ குயின், என்ஜாய், பேர்ல்ஸ் அண்ட் ஜேட், மஞ்சுளா. வாங்கியபோது ஐந்தும் ஐந்து விதமாகத்தான் தெரிந்தன. வடக்குப் பார்த்த ஜன்னலோரத்துக்கு மாற்றிய பிறகு ஸ்நோ குயின் விடும் புதிய இலைகளில் பச்சை கூடிவிட்டது. இப்போது அதையும் மார்பிள் குயினையும் அருகருகே வைத்தால் எது எதுவென்று வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. இன்னொரு நர்சரியில் என் என்ஜாயைப் போலவே இருந்த செடிக்குப் பேர்ல்ஸ் அண்ட் ஜேட் என்று அட்டை வைத்திருந்தார்கள். இணையக் கடை ஒன்றில் மஞ்சுளாவின் படத்துக்குக் கீழே ஹேப்பி லீஃப் என்று இருந்தது. விலையோ மார்பிள் குயினுக்கு ஒன்று, மஞ்சுளாவுக்கு அதைப் போல நான்கு மடங்கு.

இவை உண்மையிலேயே வெவ்வேறு வகைகளா, அல்லது ஒரே செடிக்கு வியாபாரிகள் சூட்டும் பெயர்களா? வெவ்வேறு வகைகள் என்றால் எந்த அடையாளத்தை நம்பிப் பிரிப்பது? இந்தப் பெயர்களை வைப்பது யார், அதற்கு ஏதாவது விதி உண்டா? மற்றவர்களுக்குத் துண்டு கொடுக்கும்போது தவறான பெயரை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே கேட்கிறேன்.


பதில் 1: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதாகும் என்று நினைக்கிறேன்.

உங்களிடம் உள்ள ஐந்தும் ஒரே இனம். அதன் தாவரவியல் பெயர் எபிபிரெம்னம் ஆரெயம். பிரெஞ்சு பாலினேசியாவில் உள்ள மோரேயா தீவுதான் அதன் தாயகம். 1880இல் அதை முதலில் பொத்தோஸ் ஆரெயஸ் என்று விவரித்தார்கள். 1908இல் சிண்டாப்சஸ் பேரினத்துக்கு (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) மாற்றினார்கள். 1960களில், அபூர்வமாகப் பூத்த செடியைப் பார்த்த பிறகே இன்றைய பேரினத்தில் வைத்தார்கள். உலகமெங்கும் இன்றும் அதைப் பொத்தோஸ் என்று அழைப்பது அந்த முதல் பெயரின் மிச்சம். பூவைப் பார்க்காமல் பேரினத்தை உறுதிசெய்வது கடினம் என்பதும், இந்தக் கொடி பெரும்பாலும் பூப்பதே இல்லை என்பதும்தான் இத்தனை ஆண்டு அலைச்சலுக்குக் காரணம். பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியை உருவாக்கும் மரபணு ஒன்று இதில் சரியாகச் செயல்படுவதில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இந்தச் செய்தி உங்கள் குழப்பத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. பூக்காத செடியில் விதை இல்லை. விதை இல்லாததால் இரண்டு வகைகளைக் கலந்து புதிய வகையை உண்டாக்க வழியில்லை. ஆகவே, கடைகளில் நீங்கள் பார்க்கும் மணி பிளான்ட் வகைகள் எல்லாம் ஏதோ ஒரு கொடியின் ஏதோ ஒரு கணுவில் தானாகத் தோன்றிய திடீர்மாற்றத்திலிருந்தோ (மரபணுவில் நேரும் மாற்றம்), ஆய்வகத்தில் தூண்டிய திடீர்மாற்றத்திலிருந்தோ வந்து, துண்டு வெட்டி வெட்டியே பெருக்கப்பட்டவை. ரோஜாவிலோ செம்பருத்தியிலோ வகைகளைப் பிரிக்க இதழ், நிறம், மணம் என்று பல அடையாளங்கள் கிடைக்கும். இங்கே நமக்குக் கிடைப்பவை இலையின் நிறப் பரவலும் அளவும் வடிவமும் மட்டுமே. அவையும் வெளிச்சத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறக்கூடியவை.

இப்போது விதிக்கு வருகிறேன். மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் வகையைக் கல்டிவார் என்று குறிப்பார்கள். 1923இல் அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி உருவாக்கிய சொல் அது. இப்படிப்பட்ட பயிரிடு வகைகளுக்குப் பெயரிடுவதற்கென்றே தனியாக ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. அதன் முதல் பதிப்பு 1953இலும் ஒன்பதாம் பதிப்பு 2016இலும் வெளிவந்தன. அந்த விதித்தொகுப்பின்படி, ஒரு செடிக்கூட்டம் மற்றவற்றிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும், தனக்குள் ஒரே சீராக இருக்க வேண்டும், உரிய முறையில் பெருக்கும்போது அந்தப் பண்புகளை இழக்காமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால்தான் அது தனி வகை. அதன் பெயரைத் தாவரவியல் பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்: எபிபிரெம்னம் ஆரெயம் ‘மார்பிள் குயின்’ என்பதுபோல. 1959ஆம் ஆண்டு தொடக்கம் முதல் புதிய வகைகளுக்கு லத்தீன் வடிவப் பெயர் சூட்ட அனுமதி இல்லை. அதற்கு முன்பே வழக்கில் இருந்தவை, ஸ்நேக் பிளான்ட்டில் வரும் ‘லாரெண்டீ’ போன்றவை, அப்படியே நிலைக்கும். அதே 1959க்குப் பிறகு சூட்டப்படும் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், வகையின் விளக்கத்தோடு, தேதியுள்ள ஒரு வெளியீட்டில் அது வெளியாகியிருக்கவும் வேண்டும். அட்டையில் எழுதி விற்றுவிட்டால் மட்டும் போதாது.

சேம்புக் குடும்பத்துச் செடிகளின் வகைப் பெயர்களைப் பதிவுசெய்யும் பொறுப்பு பன்னாட்டு ஏராய்டு சங்கத்திடம் இருக்கிறது; மணி பிளான்ட், பிலோடெண்ட்ரான், மான்ஸ்டெரா, சின்கோனியம், அக்லோனிமா எல்லாம் இந்தக் குடும்பம்தான். பதிவு கட்டாயமில்லை என்பதையும், ஒரே பெயர் இரண்டு செடிகளுக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் நோக்கமே தவிரச் செடியை வளர்த்துப் பார்த்துச் சான்றளிப்பது அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேல் சந்தைப் பெயர் என்று ஒன்று வருகிறது. நீங்கள் பேர்ல்ஸ் அண்ட் ஜேட் என்று வாங்கியது, புளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்பிள் குயினிலிருந்து தூண்டிய திடீர்மாற்றத்தின் மூலம் உருவாக்கிய வகை. அதன் அமெரிக்கக் காப்புரிமை ஆவணத்தில் உள்ள வகைப் பெயர் ‘யுஎஃப்எம்12’. மஞ்சுளாவின் வகைப் பெயர் ‘ஹன்சோட்டி14’. அதைக் கண்டெடுத்துக் காப்புரிமை பெற்றவர் இந்தியர். இப்படிப்பட்ட எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் கடையில் விலைபோகாது என்பதால் காதுக்கு இனிய வேறொரு பெயரை ஒட்டுகிறார்கள். அது நாட்டுக்கு நாடு மாறலாம், ஒரே செடிக்கு இரண்டும் இருக்கலாம். மஞ்சுளாவும் ஹேப்பி லீஃபும் ஒரே செடியாவது இதனால்தான். அங்கே உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

ஆக, மார்பிள் குயின், என்ஜாய், பேர்ல்ஸ் அண்ட் ஜேட், மஞ்சுளா ஆகிய நான்கும் தனித்தனி வகைகள்தான். ஸ்நோ குயின் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. வியாபாரத்தில் இருப்பவர்கள் யாராவது முதலில் சொல்லட்டும்.


பதில் 2: நர்சரிக்காரர், ஓசூர்

ஆசிரியர் ஐயா விதியைச் சொல்லிவிட்டார். அட்டைகள் எப்படி இடம் மாறுகின்றன என்பதையும், கையில் எடுத்துப் பார்த்து நாங்கள் எப்படிப் பிரிக்கிறோம் என்பதையும் நான் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் சில்லறை நர்சரிகளில் விற்கும் உள்ளறைச் செடிகளில் பெரும்பங்கு அங்கேயே வளர்ந்தவை அல்ல. ஆந்திராவின் கடியம், பெங்களூர், புனே போன்ற இடங்களிலிருந்து லாரியில் வருகின்றன. தட்டு தட்டாக வரும் கன்றுகளுக்குத் தட்டுக்கு ஓர் அட்டைதான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது; பில்லில் வெறுமனே ‘வெள்ளை மணி பிளான்ட், சிறியது’ என்று எழுதியிருக்கும். இறக்கும் பையன் ஒரு தட்டிலிருந்து நான்கு தொட்டியைத் தூக்கி வேறொரு தட்டில் வைத்தால் அன்றோடு பெயர் போயிற்று. வாடிக்கையாளர் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வைப்பதும் தினமும் நடப்பதுதான். ஆகவே அட்டையை முழுக்க நம்பாதீர்கள். நானே என் அட்டைகளை முழுக்க நம்புவதில்லை.

இனி அடையாளங்கள். மார்பிள் குயினில் வெள்ளையும் பச்சையும் இலை முழுவதும் தூவினாற்போல் ஒன்றோடொன்று கலந்திருக்கும். எங்கே பச்சை முடிகிறது, எங்கே வெள்ளை தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. இலை ஓரளவு பெரியது, கணுக்களின் இடைவெளியும் அதிகம், வளர்ச்சியும் வேகம். என்ஜாயில் இதற்கு நேர்மாறாக, பச்சை ஒரு தீவுபோல் நடுவில் நிற்கும். வெள்ளை ஓரத்தில் பட்டையாக, சுத்தமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே எல்லை வெட்டினாற்போல் தெரியும். இலை சிறியது, மெல்லியது, விரலால் தொட்டால் காகிதம்போல் இருக்கும். கணுக்கள் நெருக்கமாக வருவதால் செடி குட்டையாக, அடர்த்தியாக நிற்கும்.

பேர்ல்ஸ் அண்ட் ஜேடும் பார்வைக்கு என்ஜாய்தான், ஆனால் அந்த வெள்ளைப் பட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். என்ஜாயில் அது வெறும் வெள்ளை. பேர்ல்ஸ் அண்ட் ஜேடில் அந்த வெள்ளைக்குள்ளேயே பச்சையும் சாம்பல் கலந்த பச்சையுமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள் இருக்கும். ஓர் இலையில் புள்ளி இல்லையென்று முடிவுசெய்துவிடாதீர்கள்; ஒரே கொடியில் ஓர் இலை சுத்தமாகவும் அடுத்த இலை புள்ளியோடும் வருவதுண்டு. தொட்டியில் உள்ள எல்லா இலைகளையும் புரட்டிப் பார்த்து எங்குமே புள்ளி இல்லையென்றால்தான் நான் என்ஜாய் என்று அட்டை வைப்பேன்.

மஞ்சுளாவை நிறத்தால் அல்ல, வடிவத்தால் பிடிக்க வேண்டும். இலை நீளத்தைக் காட்டிலும் அகலம் தூக்கலாக இருக்கும். விளிம்பு அலையலையாக நெளிந்திருக்கும். மேசைமேல் வைத்தால் தட்டையாகப் படியாது. நிறத்தில் வெள்ளை, பாலேட்டு நிறம், வெள்ளி கலந்த பச்சை, அடர்பச்சை என்று எல்லாம் பெரிய திட்டாகவும் தூறலாகவும் கலந்து கிடக்கும். விளிம்பு நெளியாத, தட்டையான இலையைக் காட்டி மஞ்சுளா என்று நான்கு மடங்கு விலை சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

ஸ்நோ குயின் பற்றி ஐயா கேட்டார். நான் பார்த்தவரை, மார்பிள் குயின் தாய்ப்பாத்தியில் துண்டு வெட்டும்போதே வெள்ளை அதிகமுள்ள தண்டுகளைத் தனியாக ஒதுக்குவார்கள். வேர்விட்டதும் அந்தத் தட்டுக்கு ஸ்நோ குயின் என்று அட்டை, விலையும் கூட. இதைப் பித்தலாட்டம் என்று சொல்ல மாட்டேன். வாங்குபவருக்குத் தேவைப்படுவது வெள்ளை அதிகமுள்ள செடி, கிடைப்பதும் அதுவே. ஆனால் பச்சை கூடிய பிறகு வந்து ‘வேறு செடியைத் தந்துவிட்டீர்கள்’ என்று சொல்பவருக்கு என்ன பதில் சொல்வதென்றுதான் எங்களுக்கும் தெரியவில்லை. தனி வகையாகவே தனித் தாய்ச்செடியிலிருந்து பெருக்கும் பண்ணைகளும் இருக்கலாம். என் கைக்கு வந்த சரக்கு அப்படிப்பட்டதல்ல.


கோவை மாடித்தோட்டம்:

இருவருக்கும் மிக்க நன்றி. வெள்ளைப் பட்டைக்குள் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். பேர்ல்ஸ் அண்ட் ஜேட் என்று அட்டை உள்ள தொட்டியில் பெரும்பாலான இலைகளில் சாம்பல்பச்சைப் புள்ளிகள் தெளிவாகவே தெரிகின்றன. மஞ்சுளாவின் விளிம்பும் நெளிந்திருக்கிறது. ஆக, மீதி இருப்பது ஸ்நோ குயின் வழக்கு ஒன்றுதான்.

இன்னும் இரண்டு ஐயங்கள். பச்சை கூடிக்கொண்டே போகும் கொடியை வெட்டினால் மறுபடி வெள்ளை வருமா? எங்கள் குழுவில் ஒருவர் மஞ்சள்பச்சை இலையுள்ள கொடி ஒன்றை நியான் மணி பிளான்ட் என்கிறார், இன்னொருவர் அதைப் பிலோடெண்ட்ரான் என்கிறார். இலையை மட்டும் பார்த்தால் இருவர் சொல்வதும் சரிபோலத் தெரிகிறது. அதை எப்படித் தீர்ப்பது?


பதில் 3: பேராதனைவாசி, கண்டி

வணக்கம். இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் எழுதுகிறேன். வகையைப் பற்றி வாதிடுவதற்கு முன் பேரினத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இங்கும் பூங்கன்று வாங்குவோரிடம் நான் காணும் குழப்பங்களில் பாதி, இரண்டு வகைகளுக்கு இடையில் அல்ல, இரண்டு பேரினங்களுக்கு இடையிலானதாகவே இருக்கிறது.

இலையின் நிறத்தை மறந்துவிட்டுக் கொடியின் நுனியைப் பாருங்கள். மணி பிளான்டில் புதிய இலை சுருண்டபடி, முந்திய இலையின் காம்பை ஒட்டியே வெளிவரும். தனியான உறை எதுவும் இராது. பிலோடெண்ட்ரானில் ஒவ்வொரு புதிய இலையும் ஒரு மெல்லிய உறைக்குள் இருந்து வரும். இலை விரிந்ததும் அந்த உறை பழுப்பேறி, காய்ந்து, கணுவில் சில நாள் ஒட்டிக்கொண்டிருந்து விழும். அடுத்ததாக இலைக்காம்பைத் தடவிப் பாருங்கள். மணி பிளான்டின் காம்பில் மேற்பக்கம் ஓடைபோல ஒரு பள்ளம் இலையடி வரை ஓடும். கொடிப் பிலோடெண்ட்ரானின் காம்பு பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். கணுவிலுள்ள காற்றுவேரும் உதவும்: முன்னதில் தடித்த ஒற்றை வேர்முளை, பின்னதில் மெல்லிய வேர்கள் கொத்தாக. இம்மூன்றையும் பார்த்தால் உங்கள் குழுவின் வழக்கு அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். சின்னஞ்சிறு துண்டாக இருந்தாலும் ஒரு கணுவும் ஒரு காம்பும் இருந்தால் போதும்.

சாட்டின் பொத்தோஸ் என்று, மங்கிய பச்சையில் வெள்ளித் தூவலோடு விற்கப்படுவது மணி பிளான்ட் அன்று. அது சிண்டாப்சஸ் பிக்டஸ், தனிப் பேரினம். சூல்பையில் ஒரு சூல் மட்டும் இருந்தால் சிண்டாப்சஸ், பல இருந்தால் எபிபிரெம்னம் என்பது தாவரவியலார் சொல்லும் வேறுபாடு. வீட்டுக்குள் இரண்டுமே பூக்காதபோது அது நமக்கு உதவாது. தடித்த, பளபளப்பில்லாத, பட்டுபோன்ற இலையைக் கொண்டு பிரித்துக்கொள்ளலாம். சேபு புளூ என்று வருவது அதே எபிபிரெம்னம் பேரினத்தில் வேறோர் இனம், எபிபிரெம்னம் பின்னாட்டம். பிலிப்பைன்ஸின் சேபு தீவின் பெயரைத் தாங்கியது. ஆகவே மஞ்சுளாவும் சேபு புளூவும் ஒரே அடுக்கில் வைக்கப்பட்டிருந்தாலும் ஒரே இனத்தின் இரண்டு வகைகள் அல்ல.

இலையின் அளவை அடையாளமாகக் கொள்வோருக்கு ஓர் எச்சரிக்கை. பூச்சாடியில் உள்ளங்கை அளவு இலை விடும் அதே மணி பிளான்ட், தென்னையிலோ பலாவிலோ ஏறவிட்டால் ஓரடிக்கும் மேற்பட்ட நீளத்தில், விளிம்பு கிழிந்த இலைகளை விடும். எங்கள் நாட்டில் ஈரவலயத் தோட்டங்களில் ஏறிப் பரவிக் காட்டையும் ஆக்கிரமிக்கும் கொடியாகிவிட்டது அது. அந்த இலையையும் போத்தலில் நிற்கும் இலையையும் பக்கத்தில் வைத்தால் ஒரே செடி என்று எவரும் நம்பமாட்டார். ‘இலை சிறியது, ஆகவே என்ஜாய்’ என்பது, இரண்டு செடிகளும் ஒரே வயதில் ஒரே விதமாகத் தொங்கவிடப்பட்டோ ஏறவிடப்பட்டோ வளர்ந்திருந்தால் மட்டுமே செல்லுபடியாகும். (வெட்டி எறியும் துண்டுகளைத் தயவுசெய்து வெறும் நிலத்தில் போடாதீர்கள். கணு ஒன்று மண்ணைத் தொட்டால் போதும், பிறகு அதை ஒழிப்பது பெரும்பாடு.)


பதில் 4: நர்சரிக்காரர், ஓசூர்

பச்சை கூடுவது பற்றிய ஐயத்துக்கு: முதலில் வெளிச்சம். வடக்கு ஜன்னலில் வெளிச்சம் குறைந்தால் செடி பச்சையைக் கூட்டிக்கொள்ளும். வெள்ளைப் பகுதியால் உணவு தயாரிக்க முடியாது, ஆகவே அது பிழைக்க வேறு வழியில்லை. கிழக்கு ஜன்னலுக்கு, நேர் வெயில் படாத நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். பழைய இலைகள் மாறாது, இனி வரும் இலைகளைத்தான் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் நன்றாக இருந்தும் முழுப் பச்சை இலையாகவே வந்தால் தண்டைப் பாருங்கள். மார்பிள் குயினின் தண்டில் பச்சையும் வெள்ளையும் நீளவாக்கில் கோடு கோடாக ஓடும். இலை, கணுவின் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறதோ அந்தப் பக்கத்துக் கோட்டின் நிறம்தான் அந்த இலைக்கும் அதன் கக்கத்தில் உள்ள மொட்டுக்கும் பெரும்பாலும் வரும். ஒரு கணுவில் கோடுகள் இருந்து, அடுத்த கணுவிலிருந்து தண்டு முழுப் பச்சையாகிவிட்டால், கோடுள்ள கடைசிக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். அந்தக் கணுவின் மொட்டு மறுபடி கலப்பு நிறத்தில் துளிர்க்கும். வெட்டிய முழுப்பச்சைத் துண்டை வேர்விடச் செய்தால் பச்சைக் கொடிதான் கிடைக்கும், அதற்கு மார்பிள் குயின் என்று அட்டை வைக்கக் கூடாது. முழு வெள்ளையாக ஓடும் கிளையையும் ஆசைப்பட்டுத் தனியாக வெட்டி நடாதீர்கள். தாய்க்கொடியில் இருக்கும்வரை அதன் தயவில் வாழும். தனியே வைத்தால் கருகிவிடும்.


பதில் 5: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

ஓசூர் நண்பர் தண்டின் கோட்டைப் பற்றி எழுதியது, வகைப் பெயர் என்பது எதன் பெயர் என்ற கேள்விக்கும் விடையாகிறது. பெயர், ஒரு குறிப்பிட்ட இலையின் தோற்றத்துக்கு உரியதல்ல; ஒரு கொடியிலிருந்து, அதன் பண்பு கெடாதபடி, உரிய முறையில் பெருக்கிய சந்ததி முழுவதற்கும் உரியது. பெருக்கும் முறை தவறினால் பெயரும் போய்விடும்.

இதை ஸ்நேக் பிளான்டில் மிகத் தெளிவாகக் காணலாம். ‘லாரெண்டீ’ என்னும் வகையின் இலையோரத்தில் மஞ்சள் பட்டை ஓடும். அதன் வளர்நுனியில் வெவ்வேறு மரபமைப்புள்ள திசுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் உண்டாகும் பட்டை அது. கிழங்கைப் பிரித்து நட்டால் அந்த அடுக்கு கலையாமல் அடுத்த செடிக்குச் செல்லும், பட்டையும் வரும். இலையைத் துண்டு துண்டாக வெட்டி மண்ணில் செருகினால் புதிய குருத்து உட்திசுவிலிருந்து கிளம்புகிறது, அடுக்கு கலைகிறது, மஞ்சள் பட்டை இல்லாத வெறும் பச்சைச் செடி வருகிறது. தாய் ‘லாரெண்டீ’, பிள்ளை ‘லாரெண்டீ’ அல்ல. அதே இனத்தில் குட்டையாக, பறவைக் கூடுபோல இலை அடுக்கும் ‘ஹானீ’ 1939இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து நர்சரி ஒன்றில் திடீர்மாற்றமாகத் தோன்றியது. அண்மை ஆண்டுகளில் ஸ்நேக் பிளான்டைச் சான்செவீரியா பேரினத்திலிருந்து டிரசீனாவுக்கு மாற்றியபோதும் ‘ஹானீ’, ‘லாரெண்டீ’ என்ற வகைப் பெயர்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வகைப் பெயரைக் கவனமாகக் காப்பாற்றினால், மேலே உள்ள தாவரவியல் பெயர் எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை.

தோற்றம் நிலைக்காத செடிக்கு நல்ல உதாரணம் பிங்க் காங்கோ. பளிச்சென்ற இளஞ்சிவப்பு இலைகளோடு பெரும் விலைக்கு விற்ற அந்தப் பிலோடெண்ட்ரான், சில மாதங்களில் பச்சை இலைகளையே விடத் தொடங்கியது. அந்த நிறம் செடியின் மரபில் இருந்ததல்ல, வளர்ப்புநிலையில் ஊட்டிய வேதிப்பொருளின் விளைவு என்பதே பரவலான கருத்து. ‘பிங்க் பிரின்சஸ்’ என்னும் பிலோடெண்ட்ரான் அப்படியல்ல. அதன் இளஞ்சிவப்புத் திட்டு இலைக்கு இலை கூடிக் குறைந்தாலும், திட்டுள்ள தண்டிலிருந்து எடுத்த துண்டிலும் தொடர்ந்து வருகிறது. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் நிற்கும்.

இனி ஸ்நோ குயின். தனி வகை என்று சொல்ல வேண்டுமானால் முன்பு சொன்ன மூன்று நிபந்தனைகளுக்கும் அது உட்பட வேண்டும். நண்பர் விவரித்தபடி தாய்ப்பாத்தியில் வெண்மை பார்த்து ஒதுக்கிய துண்டுகள் என்றால், அது வெங்காயத்தைப் பெரியது சிறியது என்று பிரிப்பதைப் போன்ற தரப்பிரிப்புதானே தவிர வகை அல்ல. ஆனால் உங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பது எது என்பதை என் அனுமானத்தைக் கொண்டு தீர்க்க வேண்டியதில்லை, நீங்களே சோதித்துவிடலாம். இரண்டு தொட்டிகளிலிருந்தும், தண்டில் கோடு நன்றாகத் தெரியும் இடங்களில், சம அளவுள்ள துண்டுகளாகச் சில எடுங்கள். ஒரே மண்கலவை, ஒரே அளவுத் தொட்டி, ஒரே கிழக்கு ஜன்னல்; இடத்தால் வேறுபாடு வராமல் இருக்கத் தொட்டிகளை அவ்வப்போது இடம் மாற்றி வையுங்கள். வேர்விட்ட பின் வரும் முதல் இரண்டு மூன்று இலைகள் தாய்க்கொடியின் நிலையையே காட்டும், அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு வரும் இலைகளை ஒப்பிடுங்கள். ஸ்நோ குயின் துண்டுகள் எல்லாம் மார்பிள் குயின் துண்டுகளைவிடத் தெளிவாக வெளுப்பாகவே இருந்து, அவற்றிலிருந்து மறுபடி எடுத்த துண்டுகளிலும் அது தொடர்ந்தால், உங்களிடம் இருப்பதைத் தனியே பெயர் சொல்லத் தகுதியுள்ளதாக ஏற்கலாம். இரண்டு கூட்டமும் கலந்துபோனால் மார்பிள் குயின் என்றே எழுதுங்கள். உங்கள் செய்தியைப் படித்ததில் கலந்துபோகும் என்றே எனக்குத் தோன்றுகிறது, இருந்தாலும் ஜன்னலை மாற்றாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். தாய்ச்செடி அட்டையோடு வந்து, அடையாளங்களும் பொருந்தினால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வகைப் பெயரை எழுதலாம். தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்கிறீர்கள் என்றால் மேற்கோள் குறியை விட்டுவிட்டு ‘மார்பிள் குயின் போன்றது’ என்று எழுதுங்கள். பெயரே தெரியாவிட்டால் எபிபிரெம்னம் ஆரெயம், வெள்ளைத் திட்டுள்ளது என்றால் போதும். அதில் குறை ஒன்றும் இல்லை. எப்படியானாலும் யாரிடமிருந்து, எந்த மாதம் வந்தது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது படத்தைக் காட்டி ஊரெல்லாம் கேட்பதைவிட, அந்தத் துண்டு எந்தத் தாய்ச்செடியிலிருந்து வந்ததோ அதைப் போய்ப் பார்ப்பது மேல்.


கோவை மாடித்தோட்டம்:

நன்றி ஐயா. இரண்டு தொட்டிகளிலிருந்தும் துண்டு எடுத்து இன்றே தண்ணீரில் போட்டுவிட்டேன். மஞ்சள்பச்சைக் கொடியின் நுனியில் காய்ந்த உறை இருக்கிறது, காம்பிலும் பள்ளம் இல்லை. பிலோடெண்ட்ரான் என்றவர்தான் வென்றார். அட்டைக்கு மட்டும் ஒரு சிறு சந்தேகம்: நான் வழக்கமாக எழுதும் மார்க்கர் மை ஒரு கோடையிலேயே மங்கிவிடுகிறது. நீங்கள் எதில் எழுதுகிறீர்கள்?


நர்சரிக்காரர், ஓசூர்:

வெள்ளை பிளாஸ்டிக் பட்டையில் சாதாரண பென்சிலால் எழுதுங்கள் அம்மா. பட்டை வழவழப்பாக இருந்தால் முதலில் உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்துக்கொள்ளுங்கள். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து போகாது. மண்ணுக்குள் போகும் பகுதியிலும் அதே பெயரை ஒரு முறை எழுதி வையுங்கள். மேலே உடைந்தாலும் கீழே இருக்கும்.